வாடையும் நல்ல தண்ணீரும்: இலக்கியத்தில் சொல் நிற்கும் இடம்

(நூற்றாண்டு விழாவின் இலக்கிய அரங்கில் ஆற்றிய உரை)



இலக்கியத்தில் மொழிநடையும் அணியும் பொருளை எப்படி ஆக்குகின்றன என்பது பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறார்கள். தலைப்பைக் கேட்டதும் எங்களில் பலருக்குப் பரீட்சை மண்டபம் நினைவுக்கு வந்திருக்கும். ‘இப்பாடலில் பயின்றுவரும் அணியைக் குறிப்பிடுக’ என்றொரு வினா வரும். ‘உவமையணி’ என்று எழுதுவோம். புள்ளி கிடைக்கும். அடுத்த வினாவுக்குப் போய்விடுவோம். அந்த உவமையை யார் சொன்னார், எங்கே நின்று சொன்னார், வேறொருவர் சொல்லியிருந்தால் எப்படிச் சொல்லியிருப்பார் என்று எவரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அன்று எழுதாமல் விட்ட அந்த விடையின் மீதியைத்தான் இன்று பேச விரும்புகிறோம்.

தொலைவுக்குப் போக வேண்டாம். ஊர்காவற்றுறை இறங்குதுறையில் நின்று பார்த்தால் காரைநகருக்கு இடையே கடலுக்குள் ஒரு கோட்டை தெரியும். நாங்கள் அதைக் கடற்கோட்டை என்போம். போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் பிடித்த அந்தக் கோட்டைக்கு ஒல்லாந்தர் இட்ட பெயர் ஹம்மன்ஹீல். அவர்கள் மொழியில் அதற்குப் பன்றித் தொடையின் குதி என்று பொருள். இலங்கையின் வரைபடம் அவர்களுக்கு உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றித் தொடையாகத் தெரிந்திருக்கிறது. அதன் நுனியில், குதி இருக்கும் இடத்தில், இந்தக் கோட்டை. இதே தீவைப் பின்வந்தவர்கள் முத்து என்றார்கள், கண்ணீர்த்துளி என்றார்கள், எங்கள் சிறுவர் பாடப் புத்தகங்களில் அது மாங்காயாகவும் இருந்தது. நிலம் ஒன்றுதான். இறைச்சியாகக் கண்டவனுக்கு அது வெட்டி எடுக்கும் பண்டம். கண்ணீராகக் கண்டவனுக்கு அது ஒரு துயரம். உவமையைச் சொன்னவுடனே, சொன்னவர் அந்த நிலத்தை என்ன செய்ய எண்ணுகிறார் என்பதும் வெளிவந்துவிடுகிறது. ஆகவே அணி என்பது பொருளுக்கு மேலே பூட்டிய நகையாக இருக்க முடியாது. பார்க்கிறவரின் கண் அதற்குள் இருக்கிறது.

இதை எங்கள் பழந்தமிழ்ப் புலவர்கள் மிக நன்றாக அறிந்திருந்தார்கள். பத்துப்பாட்டில் ஒன்று நெடுநல்வாடை. நக்கீரர் பாடியது, 188 அடிகள். மழைக்கால நள்ளிரவில் வாடை வீசுகிறது. அரண்மனையில் ஓர் அரசி, கணவனைப் பிரிந்து உறக்கமின்றி இருக்கிறாள். அதே இரவில், அதே வாடையில், பாசறையில் அரசன் உறங்காமல் புண்பட்ட வீரர்களைப் பார்த்து வருகிறான். பாட்டின் பெயரைப் பாருங்கள். ‘நெடு’ என்பது அரசிக்கு: காத்திருக்கும் அவளுக்கு அந்த இரவின் வாடை முடியாமல் நீள்கிறது. ‘நல்’ என்பது அரசனுக்கு: வெற்றியை நாடி நிற்கும் அவனுக்கு அது நல்ல வாடை. உரையாசிரியர் மரபு இப்படித்தான் விளக்குகிறது. ஒரே காற்று. அதற்கு முன்னால் இரண்டு அடைமொழிகள். இரண்டும் இரண்டு மனிதரின் வாயிலிருந்து வருகின்றன. இரண்டையும் ஒரே பெயரில் கட்டியதால், வீட்டில் ஒருத்தி படுகிற துன்பமும் களத்தில் ஒருவன் தேடுகிற புகழும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே இருக்கின்றன. நக்கீரர் போரை எங்கும் கண்டிக்கவில்லை, பாராட்டவும் இல்லை. அந்த வேலையை இரண்டு அடைமொழிகளிடம் விட்டுவிட்டார்.

அந்தப் பாட்டிலே இன்னொரு நுட்பமும் உண்டு. பிரிவைப் பாடுவதால் அது அகப்பாட்டாக இருந்திருக்க வேண்டும். ஆனால், வேலில் வேம்பு கட்டப்பட்டிருக்கிறது என்று ஒரு சிறு குறிப்பு வருகிறது. வேம்பு பாண்டியரின் அடையாளப் பூ. தலைவன் இன்ன குடி என்று தெரிந்துவிட்டதால் இது புறப்பாட்டு என்று நச்சினார்க்கினியர் முடிவு செய்தார். ஒரு வேப்பந்தழை ஒரு முழுப் பாட்டையும் வீட்டிலிருந்து நாட்டுக்குக் கொண்டுபோய்விட்டது. எங்கள் வீட்டு முற்றத்து வேம்பு அத்தனை வலியது!

வாடை எங்களுக்கும் புதிதல்ல. வாடை, சோளகம், கச்சான், கொண்டல் என்று காற்றுக்குப் பெயர் வைத்து அழைக்கும் மக்கள் நாங்கள். சோளகத்தில் கடல் எழும்பினால் நெடுந்தீவாருக்குக் குறிகாட்டுவான் தூரமாகிவிடும். செங்கை ஆழியான் 1973இல் எழுதிய ‘வாடைக்காற்று’ நாவலும் நெடுந்தீவுக் கரையில்தான் நடக்கிறது. 1978இல் திரைப்படமாகவும் வந்தது. வாடை தொடங்க வெளியூர் மீனவர்கள் வந்து வாடி அடித்துத் தங்குகிறார்கள். காற்றுப் பெயர அவர்களும் பெயர்கிறார்கள். வாடையோடு வருவது தொழிலும் தான், வேற்று மனிதரும் தான், அவர்கள் பின்னால் வரும் காதலும் பகையும் தான். நாவலின் பெயர் வெறும் காலக்குறிப்பாக நின்றுவிடாமல், வந்து நிலைகுலைத்துப் போகிற எல்லாவற்றுக்கும் பெயராகிவிடுகிறது. நக்கீரரின் வாடை பாண்டி நாட்டு வாடை, செங்கை ஆழியானின் வாடை எங்கள் வாடை. சொல் ஒன்றுதான், நிற்கும் இடம் வேறு.

நிலத்துக்கும் சொல்லுக்கும் உள்ள இந்த உறவை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் எங்கள் மண்ணின் மகன் என்பதை இந்த மேடையில் சொல்லாமல் போகக்கூடாது. கரம்பனில் 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகளார், உரோமாபுரியில் குருத்துவப் பட்டம் பெற்ற பின்னர், தமிழ்நாட்டில் பணியாற்றிய காலத்திலேதான் சங்க இலக்கியத்தில் ஆழ்ந்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அவர் செய்த ஆய்வு, பண்டைத் தமிழ்ப் பாடல்களில் இயற்கை பற்றியது. ஆங்கிலத்தில் எழுதி, தமிழ் அறியாதவர்களும் படிக்கச் செய்தார். மலை, காடு, வயல், கடற்கரை, பாலை என்பவை எங்கள் புலவர்களுக்கு மேடையின் பின்திரை போன்றவை அல்ல என்பதும், உணர்ச்சியே நிலத்தின் மூலம்தான் பேசுகிறது என்பதும் அந்த ஆய்வின் சாரம். தமிழாராய்ச்சி மாநாடுகள் 1966இல் கோலாலம்பூரில் தொடங்கி, 1974இல் யாழ்ப்பாணத்துக்கு வந்ததற்குப் பின்னாலும் அவர் உழைப்பு இருக்கிறது. நாற்புறமும் கடல் சூழ்ந்த ஊரில் கண்விழித்த பிள்ளைக்கு நெய்தல் திணை பாடப்புத்தகத்திலிருந்து வந்திருக்க வேண்டியதில்லை என்று நாங்கள் பெருமையோடு எண்ணிக்கொள்கிறோம்.

நிலம் எப்படிப் பேசும்? ஓர் எடுத்துக்காட்டு. குறுந்தொகையின் 25ஆம் பாடல், கபிலர் பாடியது. ஒருத்தியை ஒருவன் களவில் மணந்தான். இப்போது அவன் மறுத்தால் என்ன செய்வது என்ற அச்சம் அவளுக்கு. அங்கே வேறு யாரும் இல்லை, அவன் மட்டுமே இருந்தான் என்கிறாள். பிறகு நினைவு வந்தவள்போல, ஒரு குருகும் இருந்தது என்கிறாள்: தினையின் தாள் போன்ற மெல்லிய கால்கள், ஓடும் நீரில் ஆரல் மீனுக்காகப் பார்த்து நின்ற குருகு. வேறொன்றும் சொல்லவில்லை. பண்ணைக் கடலோரம் பேருந்தில் வரும்போது அந்தக் காட்சியை நாங்கள் எத்தனை தரம் பார்த்திருப்போம்! அசையாமல் நிற்கும். எல்லாம் பார்ப்பதுபோல இருக்கும். அதன் கண் மீனில் மட்டும் இருக்கும். தன்னிடம் இருக்கும் ஒரே சாட்சி சாட்சியே அல்ல என்பதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை, குருகைச் சொன்னாள். தன் இரையிலேயே கண்ணாக இருந்த அது, அவனையும் மெல்லச் சுட்டுகிறது அல்லவா? இப்படி, கருப்பொருளைச் சொல்லி மனப்பொருளை உணரவைப்பதை உள்ளுறை என்றும் இறைச்சி என்றும் இலக்கணம் வகுத்தார்கள். வழக்குரைக்க இடமில்லாத ஒரு பெண்ணுக்குக் கிடைத்த மொழி அது என்று பெண்கள் பாடசாலையில் படித்த நாங்கள் சேர்த்துச் சொல்லலாம். நேரே குற்றஞ்சாட்ட முடியாத இடத்தில் அணிதான் அவளுடைய வாக்குமூலம்.

இனி நயினாதீவுக்கு வருவோம். மணிமேகலை சொல்லும் மணிபல்லவம் நயினாதீவே என்பது எங்கள் பெரியோர் பலரின் துணிபு. அங்கேதான் கோமுகிப் பொய்கையிலிருந்து அமுதசுரபி மணிமேகலையின் கைக்கு வருகிறது. அந்தக் காப்பியத்தில் பசிக்கு ஒரு பெயர் உண்டு: பசிப்பிணி. பசியைப் பிணி என்றவுடன் என்ன நடக்கிறது? பசித்தவன் சோம்பேறி, பசித்தவன் பாவி என்று சொல்வதற்கு இடமில்லாமல் போகிறது. பிணியாளனைக் கண்டால் ஏசுவதில்லை, மருந்து தேடுவோம். அதனால்தான் சோறிடுபவள் அங்கே மருத்துவச்சியாகிறாள். இன்னும் கொடிய பசி ஒன்று காயசண்டிகைக்கு. எவ்வளவு உண்டாலும் தீராத அந்நோய்க்குப் பெயர் யானைத்தீ. யானை, தீ என்ற இரண்டே சொற்களில் அதன் பெருமையும் அதன் எரிவும் வந்துவிட்டன. கதை அங்கே நிற்கவில்லை. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கும்படி மணிமேகலை அரசனிடம் வேண்டுகிறாள், அவனும் இசைகிறான். ஒரு சொல் மாறியபோது ஒரு கட்டடத்தின் வேலையே மாறிவிட்டது. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோவிலின் அன்னதான மண்டபத்துக்கு அமுதசுரபி என்று பெயர். காப்பியத்தின் கற்பனை, எங்கள் கண்முன்னே இலையும் சோறுமாக நிற்கிறது.

ஆனால் உருவகம் எப்போதும் நன்மையே செய்யும் என்று சொல்ல வரவில்லை. அது மறைக்கவும் செய்யும். தீவகத்தில் ‘நல்ல தண்ணி’ என்கிறோம். உவரில்லாத, குடிக்கக்கூடிய தண்ணீர் என்று பொருள். குடமும் கையுமாக அந்தக் கிணற்றுக்கு நடந்த கால்கள் இந்த மண்டபத்தில் எத்தனையோ உண்டு. அந்த ‘நல்ல’ என்ற சொல்லிடமும் நக்கீரரின் கேள்வியைக் கேட்டால் என்ன? யாருக்கு நல்லது? நல்ல தண்ணீர்க் கிணற்றில் எல்லோரும் அள்ள முடியாத காலம் எங்கள் தீவுகளில் இருந்தது. சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்ட பெண்கள், யாரோ இரங்கி அள்ளி ஊற்றும்வரை கிணற்றடியில் குடத்தோடு காத்து நின்றார்கள். எங்களுக்கு ‘நல்ல’ தண்ணீராக இருந்தது அவர்களுக்கு ‘நெடு’ந் தண்ணீராக இருந்திருக்கிறது. புங்குடுதீவு எழுத்தாளரும் ஆசிரியருமான மு. தளையசிங்கம் (1935–1973) இதைக் கதையாகவும் கட்டுரையாகவும் எழுதுவதோடு நிற்கவில்லை. எல்லோரும் தண்ணீர் அள்ளும் உரிமைக்காகக் கிணற்றடிக்கே போய் நின்றார், அடியும் பட்டார். செய்யுள் என்ற பழஞ்சொல்லைப் பார்த்து ‘மெய்யுள்’ என்ற புதுச்சொல்லை ஆக்கியவரும் அவர்தான். அழகாகச் சொல்வது ஒன்று, மெய்யாக இருப்பது ஒன்று என்று பிரிந்து கிடக்கக்கூடாது என்ற தவிப்பு அந்தச் சொல்லின் ஓர் எழுத்து மாற்றத்தில் இருக்கிறது. நாங்கள் அன்று கிணற்றடியில் என்ன செய்தோம் என்பதை ஒவ்வொருவரும் தத்தம் மனதுக்குள் கேட்டுக்கொள்வது இந்த நூற்றாண்டு விழாவுக்குக் குறைவு அல்ல.

ஒரு சொல்லின் பொருளை அகராதி மட்டும் வைத்திருப்பதில்லை, நடந்தவையும் வைத்திருக்கின்றன. குமுதினி என்பது ஆம்பலைக் குறித்த பெயர். நிலவைக் கண்டு மலரும் பூவாக அது செய்யுள்களில் வரும். ஒரு நெடுந்தீவுப் பெண்ணிடம் அந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள். அவளுக்கு நிலவும் பொய்கையும் தோன்றா. ஒரு படகு தோன்றும். 1985 மே 15ஆம் நாள் அந்தப் படகில் போனவர்களில், பச்சைக் குழந்தைகள் உட்பட, முப்பதுக்கும் மேற்பட்டோர் நடுக்கடலில் கொல்லப்பட்டனர். அன்றிலிருந்து அந்தப் பூவின் பெயர் எங்களுக்கு ஒரு நாளின் பெயர். இனி எந்தக் கவிஞர் நெடுந்தீவில் ‘குமுதினி’ என்று எழுதினாலும், அவர் நினைத்தாலும் நினையாவிட்டாலும், அந்த நாளும் வரிக்குள் வந்து அமரும்.

பின்னர், 1990களின் தொடக்கத்தில், ஊர்காவற்றுறையும் வேலணையும் புங்குடுதீவும் ஆளொழிந்தன. கதவைச் சாத்தி, திறப்பை மடியில் கட்டிக்கொண்டு, இரண்டு கிழமையில் திரும்பலாம் என்று போனவர்கள் நாங்கள். அந்த வெறுமையைக் கவிதையில் நிறுத்தியவர் புங்குடுதீவின் சு. வில்வரத்தினம். அவருடைய கவிதைகளின் பெருந்தொகுப்பு 2001இல் வந்தபோது அதற்குப் பெயர் ‘உயிர்த்தெழும் காலத்திற்காக’. உயிர்த்தெழுதல் என்பது எங்கள் தீவுகளின் மாதா கோவில்களில் ஒவ்வோர் உயிர்த்த ஞாயிறும் ஒலிக்கும் சொல். ஊர் செத்துவிட்டது என்று சொல்லாமல், எழுவதற்கு ஒரு காலம் உண்டு என்று சொல்ல அந்தச் சொல் அவருக்கு வேண்டியிருந்தது. வேலியின் இந்தப் பக்கத்துக் கவிஞர் அந்தப் பக்கத்துக் கோவிலின் சொல்லை இரவல் கேட்டு வாங்கியிருக்கிறார். தீவில் வாழ்ந்தவர்களுக்கு அது வியப்பாக இராது. நாங்கள் பொங்கலும் பலகாரமும் அப்படித்தான் மாறிக்கொண்டோம்.

வ.ஐ.ச. ஜெயபாலனின் ‘நெடுந்தீவு ஆச்சிக்கு’ என்ற கவிதையையும் பலர் அறிவீர்கள். தீவே அங்கே ஓர் ஆச்சி. பனைகளைக் கையாக உயர்த்தி, கடல் கடந்துபோன இளையவர்களைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறாள். தீவைத் ‘தாய்’ என்று சொல்லியிருக்கலாம். தாய்நாடு, தாய்மண் என்று எவரும் சொல்வதுதான். ஆச்சி என்றதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆச்சி வாசலில் இருப்பவள், போகிறவர்களை மறிக்காதவள், வருகிறவர்களிடம் ‘சாப்பிட்டியோ’ என்று கேட்பவள், எங்களுக்கு முன்னர் போய்ச் சேரப்போகிறவள். தாய் என்றால் கடமை வருகிறது. ஆச்சி என்றால் நேரம் போதாது என்ற பதைப்பு வருகிறது.

அந்தப் பதைப்போடுதான் கடைசியாக ஒன்றைச் சொல்ல வேண்டும். ரொறன்ரோவிலும் லண்டனிலும் சூரிச்சிலும் ஒஸ்லோவிலும் எங்கள் பேரப்பிள்ளைகள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகளில் வாசிக்கிறார்கள். ‘அம்மம்மா, வாடை எண்டால் என்ன?’ என்று கேட்கிறார்கள். ‘வடக்கிலிருந்து வரும் காற்று’ என்று சொல்லிவிடுகிறோம். அது நாங்கள் பரீட்சையில் ‘உவமையணி’ என்று எழுதிய அதே அரைகுறை விடை. பிள்ளை குறித்துக்கொள்ளும், ஆனால் அதற்குள் ஒருவரும் இருக்கமாட்டார்கள். வாடியும் இல்லை, வலையும் இல்லை, காத்திருக்கும் பெண்ணும் இல்லை. சொல்லைக் கொடுத்துவிட்டு அது நின்ற இடத்தைக் கொடுக்காமல் விட்டால், நாங்கள் கொடுத்தது வெறுங்கூடு.

அதற்காக, பிள்ளைகளுக்கு எல்லாம் போய்விட்டது என்று அழவும் வேண்டாம். நெடுநல்வாடையைத் திரும்பப் படித்துப் பாருங்கள். குளிரில் மக்கள் நெருப்பில் கைகாய்ச்சுகிறார்கள், கன்னம் நடுங்குகிறது, விசிறிகளுக்கு வேலை இல்லை, கதவுகளை இறுகச் சாத்திக்கொள்கிறார்கள். வெயிலில் வளர்ந்த நாங்கள் இதை மனப்பாடம் செய்தோம். மார்கழி மாதம் பேருந்துத் தரிப்பிடத்தில் உறைபனியில் நின்ற பேத்திக்கு மனப்பாடம் தேவையில்லை. அவளுக்கு அது தெரியும். நக்கீரரின் குளிர் எங்களைவிட அவளுக்குக் கிட்ட நிற்கிறது. அவள் எங்களுக்கு அந்த வாடையைச் சொல்லட்டும், நாங்கள் அவளுக்கு எங்கள் வாடையைச் சொல்வோம். அவள் நாளைக்குப் பனியை வைத்துத் தமிழில் ஓர் உவமை சொன்னால், ‘இது எங்கள் உவமை இல்லை’ என்று தள்ளாதிருப்போம். அவள் நிற்கும் இடத்திலிருந்து அவள் சொல்கிறாள். தமிழ் அங்கேயும் போய் நின்றுவிட்டது என்பதற்கு அதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

அன்புச் சகோதரிகளே, இன்று மாலை வீடு போனதும் ஒரு பிள்ளையைக் கூப்பிடுங்கள். தொலைபேசியிலானாலும் சரி. நல்ல தண்ணி, வாடி, சோளகம், குமுதினி என்று ஒரு சொல்லை எடுங்கள். அதன் கருத்தைச் சொல்ல அவசரப்படாதீர்கள். அந்தச் சொல்லை முதன்முதல் யார் வாயிலிருந்து கேட்டீர்கள், அப்போது எங்கே நின்றீர்கள், பக்கத்தில் யார் நிற்க முடியாமல் இருந்தார்கள் என்று சொல்லுங்கள். மிச்சத்தைப் பிள்ளை கேட்கும்.

எங்கள் பாடசாலை எங்களுக்குத் தந்த தமிழுக்கு நாங்கள் செலுத்தக்கூடிய குருதட்சணை அதுவே.